வெள்ளை சேஜுக்குத் தமிழில் என்ன பெயர்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

கலிஃபோர்னியாவின் தெற்கிலும் மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியாவிலும் தானாக வளரும் வெள்ளை சேஜ் (white sage) செடிக்கு, அதாவது தாவரவியலில் சால்வியா ஆப்பியானாவுக்கு, தமிழில் பெயர் தேடுகிறோம். மொழிபெயர்ப்புப் பொறியிடம் விட்டால் 'வெள்ளை முனிவர்' என்று ஆசீர்வதிக்கும்! ஆங்கிலத்தில் முனிவருக்கும் சேஜ் என்றே பெயர். அந்த சேஜ் வேறு, இந்த சேஜ் வேறு. செடியின் பெயர், நலமாக்குதல் என்ற பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து வந்தது.

> வெண்துளசி போதுமே. குடும்பமும் ஒன்றுதான்.

குடும்பம் சரி, ஐயா. ஆனால் அந்தப் பெயர் நம் துளசி வகை ஒன்றுக்கு ஏற்கெனவே உண்டு. 'காட்டு சேஜ்' என்றாலும் வம்பு. ஆங்கிலத்தில் உண்ணிச்செடியையும் அப்படிச் சொல்கிறார்கள்.

> பேய்மிரட்டி? இதையும் கெட்டது விலகத்தானே கொளுத்துகிறார்கள்?

இங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. கொளுத்துவதற்காகக் கடையில் விற்கும் காய்ந்த இலைக்கட்டைப் பார்த்துவிட்டுச் செடிக்குப் பெயர் வைக்கிறோம். அந்தப் பகுதியின் பழங்குடிகளான சூமாஷ், கூமியாய், கவீயா மக்களுக்கு இது சடங்குக்கு மட்டுமான செடி இல்லை. கவீயா மக்கள் விதையைக் கஞ்சிமாவில் சேர்த்தார்கள். இலையைக் கசக்கித் தண்ணீரில் கலந்து தலைக்குத் தேய்த்தார்கள். சளி பிடித்தால் மென்றார்கள். நம் சீயக்காயும் கற்பூரவள்ளியும் ஒரே புதரில் இருப்பது மாதிரி. பேயை எங்கே நுழைப்பது? அந்தக் கட்டு வியாபாரத்துக்காகக் காட்டில் திருடவும் செய்கிறார்கள். 2018-இல் கலிஃபோர்னியாவின் நார்த் எடிவாண்டா இயற்கைக் காப்பகத்தில் சுமார் 400 பவுண்டு இலையோடு நான்கு பேர் பிடிபட்டார்கள்.

என் பரிந்துரை: வெண்சால்வி. இலை முழுக்க நுண்மயிர், நீறு பூசியது போல வெளுப்பு, அதனால் 'வெண்'. சால்வியாவின் கடைசி 'ஆ'வை வெட்டியே ஆகவேண்டும். 'இது சால்வியா' என்று எழுதிப் பாருங்கள், சொல்கிறோமா கேட்கிறோமா என்றே தெரியாது. சால்வி என்றால் சால்வியை, சால்விக்கு என்று வேற்றுமையும் ஒழுங்காக ஏறும். ஆப்பியானா என்றால் தேனீக்குரியது. 'தேனீச்சால்வி' எனக்கும் ஆசைதான், ஆனால் தேனீ மொய்க்காத சால்வி எது?

> கொளுத்தும் கட்டுக்கு?

'புகையிலைக் கட்டு' என்று மட்டும் வேண்டாம், வெற்றிலைபாக்குக் கடைக்குப் போய்விடுவார்கள். தூபம் என்றதும் கோயில் வந்துவிடுகிறது. புகைக்கட்டு போதும்.

> வெஞ்சால்வியா, வெண்சால்வியா?

வெண்சாமரம் போல எழுதலாம். மறுப்பு இருந்தால் சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள், ஞாயிறன்று சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.