தாவர ஸ்டெரால் சாப்பிடுபவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். அம்மாவுக்கு 63 வயது. எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 148 வந்ததால், மூன்று மாதம் பார்க்கலாம் என்று டாக்டர் தாவர ஸ்டெரால் (செடிகளில் இருக்கும், கொலஸ்ட்ரால் போன்ற பொருள்) கேப்ஸ்யூல் கொடுத்திருக்கிறார். சாப்பாட்டோடு, நாளுக்கு மொத்தம் 2 கிராம்.

ஏற்கெனவே வைட்டமின் டி குறைவு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதற்கான டி பொடியைப் பாலில் கலக்கி, டம்ளர் அடியில் ஒட்டியதையும் தண்ணீர் விட்டு அலசிக் குடிப்பார். அவ்வளவு சிரத்தை! ஸ்டெரால், வைட்டமின் டி இரண்டும் குடலில் கொழுப்போடு கலப்பவை என்பதால், ஒன்று மற்றொன்றைத் தடுக்குமோ என்று எனக்குக் குழப்பம்.

நான் படித்தவரை, ஸ்டெரால் குடலில் கொலஸ்ட்ராலோடு போட்டி போட்டு அதன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. எல்டிஎல் சுமார் 8 முதல் 10 சதவீதம் குறையும். கூடவே, உடலில் வைட்டமின் ஏ-ஆக மாறும் பீட்டா கரோட்டினும் ரத்தத்தில் குறைகிறது. அதற்குத் தினமும் கேரட், பரங்கி, கீரை கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிடச் சொல்கிறார்கள். வைட்டமின் ஈ குறைவதாகத் தெரிந்தாலும், அதைச் சுமந்து போவதே எல்டிஎல்தான் என்பதால் அதுவும் சேர்ந்து இறங்குகிறதாம். ஏ, டி, கே மூன்றிலும் பெரிய மாற்றம் இல்லை என்கிறார்கள். சரி, ஆனால் அதெல்லாம் பொதுக் கணக்கு. ஏற்கெனவே டி குறைவாக உள்ளவருக்கு?

கேட்க விரும்புவது: டி பொடியைக் காலையிலும் ஸ்டெராலை மதியமும் இரவும் என்று பிரித்துக் கொடுப்பவர்கள் உண்டா? மூன்று மாதம் கழித்து டி அளவைத் திரும்பப் பார்த்தீர்களா, எப்படி இருந்தது? அப்புறம், குழுவில் டயட்டீஷியன்கள் இருந்தால், கேரட்டைப் பொரியலாக எண்ணெயில் வதக்கிக் கொடுப்பதா, பச்சையாகவா? அம்மா பச்சைக் கேரட்டைத் தொடவே மாட்டார். டாக்டரை அடுத்த மாதம்தான் பார்க்கப் போகிறோம்.