கடலுக்குப் போகும் சர்க்கரை நோயாளரிடம் எதை அளப்பது?

கேள்வி: மண்டபம் மாணவி

அனைவருக்கும் வணக்கம். நான் செவிலியர் முதுநிலைப் படிப்பு மாணவி. சொந்த ஊர் மண்டபம். பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம் கடலோரக் குடியிருப்புகளில் சர்க்கரை நோயுடன் வாழும் மீனவர்களிடம் நோயாளி மையப் பராமரிப்பு குறித்த ஆய்வு ஒன்றை என் ஆய்வேட்டுக்காகத் திட்டமிட்டு வருகிறேன். ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை தொடரும். மற்றொரு பிரிவினரிடம் அவர்களுடைய தொழில், சாப்பாட்டு நேரம், அச்சம், விருப்பம் ஆகியவற்றைக் கேட்டறிந்து, மாத்திரை நேரத்தையும் உணவையும் பாதப் பராமரிப்பையும் மருத்துவரின் ஒப்புதலோடு அவர்களுடன் சேர்ந்தே வகுப்போம். ஆறு மாதம் கழித்து இரு பிரிவினரையும் ஒப்பிட வேண்டும்.

எதை ஒப்பிடுவது என்பதில்தான் தடுமாறி நிற்கிறேன். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையையே முதன்மை அளவீடாக வைக்க வேண்டும் என்று என் வழிகாட்டி சொல்கிறார். நோயாளி மையம் என்று பெயர் வைத்துவிட்டு இரத்தத்தை மட்டும் அளப்பது எப்படிப் பொருந்தும், நோயாளியின் மனநிறைவை அளக்க வேண்டாமா என்று துறையின் மற்றொரு பேராசிரியர் கேட்கிறார். இருவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

இந்தத் தலைப்பை நான் எடுத்ததற்குக் காரணம் என் தந்தை. நாட்டுப்படகில் தொழில் செய்த அவர், கெளுத்தி முள் குத்திய புண் ஆறாமல் இரண்டு கால்விரல்களை இழந்தார். அதற்கு முன் பத்து ஆண்டுகள் மாதந்தவறாமல் மருத்துவமனைக்குப் போய்வந்தவர். அவர் என்ன தொழில் செய்கிறார், எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார், வெறுங்காலோடு தண்ணீரில் எவ்வளவு நேரம் நிற்கிறார் என்று அந்தப் பத்து ஆண்டுகளில் ஒருவரும் கேட்டதில்லை. ஆய்வு முறையியல் அறிந்தவர்களும், இந்தக் கரையில் நோயாளிகளோடு பழகுபவர்களும் வழிகாட்டுமாறு வேண்டுகிறேன்.

பதில் 1: தொண்டிக்காரர்

அன்புள்ள தங்கைக்கு,

தொண்டியில் பிறந்து, நெடுங்காலமாக மருத்துவ ஆய்வு முறையியலில் பணிபுரிபவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் ஆசிரியர்கள் இருவருக்கும் இடையிலான இந்த வேறுபாட்டுக்கு 1998-ஆம் ஆண்டிலேயே ஒரு கசப்பான பாடம் கிடைத்திருக்கிறது. தென் இங்கிலாந்தில் 41 பொது மருத்துவ நிலையங்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவின் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் நோயாளியை மையமாகக் கொண்டு உரையாடும் பயிற்சியை அளித்தார்கள். இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் புதிதாகக் கண்டறியப்பட்டவர்களை ஓராண்டு பின்தொடர்ந்து, 250 பேரின் முடிவுகளை ஒப்பிட்டார்கள். பயிற்சி பெற்றவர்களிடம் சென்ற நோயாளிகள், தங்களோடு நன்றாகப் பேசுகிறார்கள் என்றும் சிகிச்சை மனநிறைவு தருகிறது என்றும் கூறினார்கள். ஆனால் அவர்களுடைய உடல் எடைக் குறியீடும் இரத்தக் கொழுப்பில் ஒரு வகையான டிரைகிளிசரைடும் மற்ற பிரிவினரைவிட அதிகமாக இருந்தன. நோயைப் பற்றிய அறிவு மதிப்பெண் குறைவாக இருந்தது. சர்க்கரைக் கட்டுப்பாட்டில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மனநிறைவை மட்டும் அளந்திருந்தால் இதை வெற்றி என்று அறிவித்திருப்பார்கள்; இரத்தத்தை மட்டும் அளந்திருந்தால் தோல்வி என்று மூடி வைத்திருப்பார்கள். இரண்டையும் அளந்ததால்தான், இனிமையாகப் பேசும்போதே நோயின் மீதுள்ள கண்ணை எடுத்துவிடக் கூடாது என்ற உண்மை வெளிவந்தது. எனவே ஹெச்பிஏ1சி-யைக் கைவிடாதீர்கள்.

அதே நேரத்தில், உங்கள் இரண்டாம் பேராசிரியரின் பக்கமும் வலுவானதே. கனடாவின் ஒன்ராறியோவில் 39 குடும்ப மருத்துவர்கள், 315 நோயாளிகள் பங்கேற்று 2000-இல் வெளியான ஆய்வைத் தேடிப் படியுங்கள். உரையாடல் எந்த அளவு நோயாளி மையமாக இருந்தது என்று ஒலிப்பதிவைக் கேட்டு ஆய்வாளர்கள் போட்ட மதிப்பெண்ணுக்கும் நோயாளியின் உடல்நிலைக்கும் நேரடித் தொடர்பு தென்படவில்லை. 'மருத்துவரும் நானும் ஒத்த முடிவுக்கு வந்தோம்' என்று நோயாளியே உணர்ந்திருந்தபோதுதான் உடல்நிலை மேம்பட்டதோடு, பின்னர் எழுதப்பட்ட பரிசோதனைகளும், வேறு மருத்துவரிடம் அனுப்பும் பரிந்துரைகளும் குறைந்தன. வெளியிலிருந்து பார்ப்பவரின் கணிப்பு நோயாளியின் சொல்லுக்கு ஈடாகாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இந்தத் துறையில் பலர் சறுக்குகிற ஓர் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் இதயச் செயலிழப்பு நோயாளிகள் 248 பேரிடம் செய்து 2012-இல் வெளியிட்ட ஆய்வில், நோயாளி மையப் பராமரிப்பு முழுமையாகக் கடைப்பிடிக்கப்பட்டவர்கள் மட்டும் இரண்டரை நாள் முன்னதாக வீடு திரும்பினார்கள். எல்லோரையும் சேர்த்துக் கணக்கிட்டபோது வித்தியாசம் ஒரு நாளாகச் சுருங்கியது; அதுவும் தற்செயல் அல்ல என்று உறுதியாகச் சொல்ல முடியாத அளவு. ஆகவே உங்கள் ஆய்வில் அந்த உரையாடல் ஒவ்வொருவரிடமும் உண்மையிலேயே நடந்ததா என்பதைக் குறித்து வையுங்கள். ஆயினும் முடிவை எழுதும்போது எல்லோரையும் சேர்த்த கணக்கையே முதலில் எழுதுங்கள்.

நம் மாநிலத்தின் பங்கையும் நீங்கள் அறிய வேண்டும். 'நோயாளி மைய மருத்துவம்' என்ற சொற்றொடரை இங்கிலாந்தில் ஈனிட் பாலின்ட் 1969-இல் கட்டுரையாக எழுதுவதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே, சென்னையில் அதன் உட்பொருளை ஒரு சோதனையாகவே நடத்திக் காட்டியிருந்தார்கள். 1956-இல் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவினருக்குச் சானடோரியம் எனப்படும் காசநோய் மருத்துவமனையிலும் மறுபிரிவினருக்கு வீட்டிலும் ஓராண்டு ஒரே மருந்துகளைக் கொடுத்தது. நல்ல உணவும் ஓய்வும் கிடைத்த சானடோரியத்தாருக்கும், நெருக்கமான வீடுகளில் வேலைக்கும் போய்வந்தவர்களுக்கும் குணமடைவதில் பெரிய வேறுபாடு இல்லை என்று 1959-இல் தெரிவித்தார்கள். அதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. வீட்டிலேயே வைத்துப் பார்த்தால் பிள்ளைகளுக்குத் தொற்றிவிடுமோ என்ற குடும்பத்தின் அச்சத்தையும் ஓர் அளவீடாக எடுத்துக்கொண்டு, உடன் வாழ்ந்தவர்களையும் பின்தொடர்ந்து பரிசோதித்து, கூடுதல் ஆபத்து இல்லை என்று காட்டினார்கள். நோயாளியின் வீட்டில் எழும் கேள்வியை ஆய்வின் கேள்வியாக்குவது என்றால் இதுதான்.

ஆகவே என் யோசனை: நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பிப்பதற்கு முன் பதினைந்து இருபது நோயாளிகளிடம் நீண்ட நேரம் பேசுங்கள். இந்த நோயால் அவர்கள் எதை இழக்க அஞ்சுகிறார்கள் என்று கேளுங்கள். அளவீட்டை அதன் பிறகு முடிவு செய்து, முதல் நபரைச் சேர்ப்பதற்கு முன்பே இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிந்துவிடுங்கள். முடிவைப் பார்த்த பின் அளவீட்டை மாற்றுவது பெருந்தவறு. குலுக்கலையும் ஆள்வாரியாகச் செய்யாமல் ஊர்வாரியாகச் செய்யுங்கள். ஒரே கரையில் வலை பின்னும் இருவரில் ஒருவருக்குச் சொன்னது மாலைக்குள் மற்றவருக்கும் தெரிந்துவிடும். ஊர்வாரியாகப் பிரித்தால் கூடுதல் ஆட்கள் தேவைப்படுவார்கள் என்பதைப் புள்ளியியல் ஆசிரியரிடம் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

பதில் 2: தேவிபட்டினம் பக்கத்துச் செவிலியர்

வணக்கம் தங்கச்சி. கிராம சுகாதார செவிலியராகப் பல ஆண்டுகள் இந்தக் கரையில் நடந்தவள் நான். எங்கள் பதிவேடுகளில் பல மீனவர்களின் பெயருக்கு எதிரே 'மருந்தை ஒழுங்காக எடுப்பதில்லை' என்று எழுதியிருக்கும். நானும் அப்படி எழுதியவள்தான். ஒருநாள் ஒரு பெரியவர், கடலுக்குப் போகிற நாளில் மட்டும்தான் மாத்திரையை விடுகிறேன் என்றார். அவர் சாப்பிட்டது கிளிமிபிரைடு. அதை விழுங்கிவிட்டுச் சாப்பாடு தாமதமானால் சர்க்கரை இறங்கும். கரையில் என்றால் ஒரு கடையில் உட்கார்ந்து இனிப்பாக ஏதாவது குடிக்கலாம், நடுக்கடலில் மயங்கினால் என்ன செய்வது என்று கேட்டார். அவர் செய்தது அலட்சியம் அல்ல, தற்காப்பு. அதை மருத்துவரிடம் சொல்லி, மாத்திரையையும் நேரத்தையும் மாற்றிய பிறகு அவர் ஒரு நாளும் விடவில்லை. உங்கள் ஆய்வில் 'எத்தனை மாத்திரை தவறியது' என்று மட்டும் எண்ணாமல், எந்த நாளில், எதற்காகத் தவறியது என்றும் கேளுங்கள்.

அடுத்தது காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த நாட்களில் மனிதர்கள் வீட்டில் இருக்கிறார்கள். நேரத்துக்குச் சாப்பிடுகிறார்கள், உடலுழைப்பு குறைகிறது, கையில் காசும் குறைகிறது. தடைக்காலத்தில் முதல் பரிசோதனையை எடுத்துவிட்டுத் தொழில் நடக்கும் மாதத்தில் அடுத்ததை எடுத்தால், நீங்கள் அளப்பது உங்கள் உரையாடலின் பயனை அல்ல, கடலின் காலத்தை. நாட்டுப்படகுக்காரர்களுக்கு இந்தத் தடை இல்லாததால் இரு தொழிலாளரையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பாசி எடுக்கும் பெண்களை விட்டுவிடாதீர்கள். பாறையிலும் கடலடிப் பவளப் பாரிலும் கால் கிழிவது அவர்களுக்கு அன்றாடம். அவர்களில் பலருக்கு இரத்தசோகையும் இருக்கும். இரும்புச்சத்துக் குறைவு ஹெச்பிஏ1சி அளவை உயர்த்திக் காட்டக் கூடும் என்பதால், ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பாருங்கள்.

மனநிறைவுப் படிவத்தை நீங்கள் சீருடையில் போய்க் கேட்காதீர்கள். நம் மக்கள் எதிரில் இருப்பவர் மனம் நோகப் பேச மாட்டார்கள். எல்லாம் நல்லாத்தான் பார்க்கிறீர்கள் என்றே எல்லோரும் சொல்வார்கள். சிகிச்சையில் தொடர்பில்லாத வேறொருவர், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்கட்டும்.

பதில் 3: பாம்பன் நாட்டுப்படகு

நான் மருத்துவம் படித்தவன் அல்லன். பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோயாளி. என் பிள்ளை இந்தக் கேள்வியைப் படித்துக் காட்டியதால், அவன் கையாலேயே இதை எழுதச் சொல்கிறேன்.

என்னிடம் யாராவது கேட்டால், மூன்று விஷயங்களைக் கணக்கெடுக்கச் சொல்வேன். கடலில் கை நடுங்கி, கண் இருட்டியது எத்தனை தடவை என்பது ஒன்று. மருத்துவமனைக்குப் போனதால் தொழிலுக்குப் போகாத நாள் எத்தனை என்பது இன்னொன்று. மாத்திரை இலவசம் என்றாலும், அந்த நாளின் மீன்பாடு போனது போனதுதான். மூன்றாவது, கால். சர்க்கரை எண் என்ன என்று என்னிடம் சொல்கிறவர்கள் என் பாதத்தைத் தொட்டுப் பார்த்ததில்லை. இன்சுலின் போடுகிற என் அண்ணன், பல நாள் கடலிலேயே தங்கும் தங்குகடலுக்குப் போகும்போது மருந்தை மீன் ஐசுக்குள்ளேயே புதைத்து வைத்திருந்தார். அது உறைந்தால் கெட்டுவிடும், ஐசில் நேராகப் படக்கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. மருந்து வேலை செய்யவில்லை என்று அளவைக் கூட்டிக்கொண்டே போனார்கள். மருந்தை எங்கே வைக்கிறாய் என்ற ஒரு கேள்வி போதுமாயிருந்தது.

மண்டபம் மாணவி

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. பாம்பன் ஐயா சொன்னதைப் படித்தபோது என் தந்தையின் குரலையே கேட்டது போல இருந்தது. ஹெச்பிஏ1சி-யையும், தொழிலுக்குப் போகும் நாட்களில் சர்க்கரை இறங்கிய நிகழ்வுகளையும் இணை முதன்மை அளவீடுகளாக வைப்பது, இழந்த தொழில் நாட்களையும் பாதப் பரிசோதனையையும் அடுத்த நிலையில் வைப்பது என்று வழிகாட்டியிடம் எடுத்துச் சொன்னேன். நோயாளிகளிடம் முதலில் பேசிவிட்டு வா என்று ஒப்புக்கொண்டார். இன்னொரு கேள்வி எழுகிறது. ஊர்வாரியாகப் பிரிப்பதால் ஊர்த் தலைவரிடமும் ஜமாத்திடமும் அனுமதி வாங்கினால் போதுமா, ஒவ்வொருவரிடமும் தனியாக ஒப்புதல் வாங்க வேண்டுமா?

பதில் 4: கீழக்கரை, நெறிமுறைக் குழுவின் பொது உறுப்பினர்

ஒவ்வொருவரிடமும் தனியாகத்தான் வாங்க வேண்டும், மகளே. ஊர்ப் பெரியவர்களிடம் முதலில் பேசுவது மரியாதை; அது இல்லாமல் ஊருக்குள் ஆய்வு நடக்கவும் நடக்காது. ஆனால் அவர்களுடைய அனுமதி தனிமனிதரின் ஒப்புதலுக்கு மாற்றாகாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் தெளிவாகக் கூறுகின்றன. படிக்கத் தெரியாதவரிடம் கைநாட்டு வாங்கும்போது, ஆய்வோடு தொடர்பில்லாத நடுநிலைச் சாட்சி ஒருவர் விளக்கம் தொடங்கியதிலிருந்து முடியும்வரை உடனிருந்து கையொப்பமிட வேண்டும்.

கணவருக்காக மனைவியோ, தந்தைக்காக மகனோ ஒப்புக்கொள்வதை ஏற்காதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் எங்களுக்கு அருகிலுள்ள ஏர்வாடியில், மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பற்றி, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். அவர்களுடைய விருப்பம் என்ன என்று அவர்களிடம் கேட்கப்படவில்லை. மற்றவர்களே அவர்களுக்காக முடிவெடுத்தார்கள். சங்கிலியிடுவதைத் தடைசெய்து, தனக்கு எப்படிப்பட்ட சிகிச்சை வேண்டும் என்று நோயாளியே முன்கூட்டி எழுதிவைக்கும் உரிமையைத் தந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இல்தான் வந்தது. உங்கள் ஆய்வு வேறு நோயைப் பற்றியது என்றாலும், அவரவர் வாயால் அவரவர் சொல்வதைக் கேட்க வேண்டும் என்பது இந்த மாவட்டத்தில் எங்களுக்கு வெறும் படிவ விதியாகத் தோன்றுவதில்லை.

தகவல் தாளை எழுதியதும், குழுவுக்கு அனுப்புவதற்கு முன் பாம்பனில் இரண்டு மூன்று பேரிடம் வாசித்துக் காட்டி, என்ன புரிந்தது என்று அவர்களையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். 'சமவாய்ப்பு முறையில் ஒதுக்கீடு' என்று எழுதினால் அரசு உதவித்தொகை என்று எண்ணிக்கொள்வார்கள். 'குலுக்கிப் போட்டு ஊரைப் பிரிப்போம்' என்றே எழுதுங்கள். சேராவிட்டாலும், பாதியில் விலகினாலும், நிலையத்தில் கிடைத்துவரும் மாத்திரை நிற்காது என்ற வரியை முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் வையுங்கள். அவர்கள் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.