பிளஃபர்ஸ் பார்க்கில் நான்கு சனிக்கிழமை, 38 ஸ்பூன், ஒரு சினூக் கூட இல்லை: எந்த நிறம் வாங்கலாம்?

புதுவள்ளம்

வணக்கம். ரொறன்ரோவின் கிழக்குப் பக்கம் ஸ்காபரோவில் இருக்கிறேன். பிளஃபர்ஸ் பார்க் எங்கள் ஏரிக்கரைப் பூங்கா. சென்ற ஆண்டு வரை கரையில் நின்று தூண்டில் போட்டவன். இந்த வசந்தத்தில் நானும் மச்சானும் காசு சேர்த்துப் பழைய 16 அடி அலுமினியப் படகு ஒன்றை வாங்கினோம். பின்னால் 20 குதிரைவலு இயந்திரம், கைப்பிடியால் திருப்புவது. ஒன்ராறியோ ஏரியில் ட்ரோலிங் செய்து சினூக் சால்மன் பிடிக்க வேண்டும் என்பது ஆசை. நான்கு சனிக்கிழமை போய் வந்துவிட்டோம். படகுக்குள் ஏறிய சினூக் பூச்சியம்.

(தெரியாதவர்களுக்கு: படகை மெல்ல ஓட்டிக்கொண்டே போலி இரையைப் பின்னால் இழுத்துச் செல்வதுதான் ட்ரோலிங். வீட்டில் இதை "இழுவை" என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். அப்பாவின் முகம் கறுத்துவிட்டது. ஊரில் இழுவைப்படகுகள் தம் வலையை அறுத்துக்கொண்டு போனதைப் பார்த்த மனிதர் அவர். இது ஒற்றைத் தங்கூசி நூல், ஒற்றை மீன் என்று விளக்கிச் சமாதானம் செய்ய அரை மணி நேரம் பிடித்தது.)

எங்களிடம் இருப்பவை: கையால் சுற்றும் டவுன்ரிகர் இரண்டு (குண்டு கட்டிய கம்பியால் தூண்டில் நூலை வேண்டிய ஆழத்துக்கு இறக்கும் கருவி; நூல் ஒரு கவ்வியில் மாட்டியிருக்கும், மீன் கொத்தினால் விடுபடும்), ஒவ்வொன்றிலும் 10 இறாத்தல் (பவுண்டு) ஈயக்குண்டு. எட்டரை அடித் தடிகள் நான்கு. எல்லா ரீல்களிலும் 30 இறாத்தல் பின்னல் நூல். கடையில் அதுதான் சிறந்தது என்றார்கள். ஸ்பூன் (கரண்டி வடிவ உலோகப் போலி இரை) 38. எண்ணித்தான் சொல்கிறேன். பச்சை, நீலம், ஊதா, இருட்டில் ஒளிர்கிற வெள்ளை. என் மனைவி அந்தப் பெட்டிக்கு "நகைப்பெட்டி" என்று பெயர் வைத்திருக்கிறாள்.

காலை ஏழரைக்குத் தூண்டில் இறக்குகிறோம். 90 அடி ஆழமுள்ள இடத்தில் குண்டை 30 அடியில் நிறுத்தி, ஜிபிஎஸ் காட்டும் வேகத்தை மணிக்கு 2.5 மைலில் வைத்து, மேற்கே சிஎன் கோபுரத்தை நோக்கி ஒரு மணி நேரம் ஓடுவோம். பிறகு திரும்பிக் கிழக்கே பிக்கரிங் அணுமின் நிலையத்தை நோக்கி ஒரு மணி நேரம்.

சென்ற சனி மட்டும் இரண்டு மீன் கொத்தின. இரண்டுமே கோபுரத்தை நோக்கிப் போகும்போது. முதலாவது கொத்தியது, தடி நிமிர்ந்தது, அவ்வளவுதான், நூல் தொய்ந்து கிடந்தது. இரண்டாவது நன்றாகவே மாட்டியது. நான் கத்தினேன், மச்சான் உடனே இயந்திரத்தை நிறுத்தினான், மீன் ஓடியது, பிறகு எங்கள் பக்கம் திரும்பியது, மற்றத் தடியின் நூல் டவுன்ரிகர் கம்பியைச் சுற்றிக்கொண்டது. மீன் போய்விட்டது. சிக்கெடுக்க ஒரு மணி நேரம்.

இன்னொன்று. கோபுரத்தை நோக்கிப் போகும்போது கம்பி பின்பக்கம் நன்றாகச் சாய்கிறது. பிக்கரிங்கை நோக்கி வரும்போது ஏறக்குறைய நேராகத் தொங்குகிறது. டவுன்ரிகர் பழுது என்கிறான் மச்சான்.

சரி, கேள்விக்கு வருகிறேன். ஜூலைக்கு எந்த நிறம்?

கரைவலை

தம்பி, 39ஆவது ஸ்பூனை வாங்காதீர்கள். உங்கள் கேள்விக்கான பதில், கம்பி சாய்வதைப் பற்றி நீங்களே எழுதியதில் இருக்கிறது.

டவுன்ரிகர் பழுதில்லை. அடியில் நீரோட்டம் இருக்கிறது. ஜிபிஎஸ் சொல்வது தரைக்கு மேல் படகு போகும் வேகத்தை. மீனுக்கு அந்தக் கணக்கு தெரியாது. குண்டு இருக்கும் ஆழத்தில் தண்ணீர் கிழக்கே ஓடுகிறது என்று வையுங்கள். கோபுரத்தை நோக்கிப் போகும்போது ஓட்டத்தை எதிர்த்துப் போகிறீர்கள், ஸ்பூனின் மேல் தண்ணீர் வேகமாகப் படுகிறது, கம்பி சாய்கிறது. பிக்கரிங்கை நோக்கித் திரும்பியதும் ஓட்டத்தோடு சேர்ந்து போகிறீர்கள். ஜிபிஎஸ் அதே 2.5ஐக் காட்டும், ஸ்பூன் உயிரில்லாமல் தொங்கிக்கொண்டு வரும். இரண்டு மீனும் ஒரே திசையில் கொத்தியதற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். ஆக, நான்கு சனிக்கிழமையில் பாதி நேரம் செத்த ஸ்பூனை இழுத்திருக்கிறீர்கள்.

மருந்து எளிது. மீன் கொத்தும்போது கம்பி எவ்வளவு சாய்ந்திருந்தது என்று பாருங்கள். படகின் பக்கச் சுவரில் சோக்கட்டியால் ஒரு கோடு போடுங்கள். மற்றத் திசையில் வரும்போது எண்ணை மறந்துவிட்டு, கம்பி அந்தக் கோட்டுக்கு வரும்வரை வேகத்தைக் கூட்டுங்கள். 3 மைல் காட்டினாலும் பயப்பட வேண்டாம். நீருக்கடியில் வேகம் அளக்கும் கருவி விற்கிறார்கள். நல்லதுதான், ஆனால் உங்கள் படகின் விலைக்குப் பக்கத்தில் நிற்கும். கம்பி இலவசம்.

அடுத்தது ஆழம். 30 அடி என்று யார் சொன்னது? கோடையில் இந்த ஏரி அடுக்கடுக்காக இருக்கும். மேலே வெதுவெதுப்பான நீர், கீழே குளிர்நீர், இடையில் சில அடிகளுக்குள் சட்டென்று வெப்பம் இறங்கும் ஒரு படை (அடுக்கு). சினூக்குக்குப் பிடித்தது 10 முதல் 13 பாகை செல்சியஸ். அந்தப் படை இன்று 60 அடியில் இருக்கும், இரண்டு நாள் மேற்குக் காற்று விடாமல் அடித்தால் 20 அடிக்கு ஏறிவிடும். மேற்குக் காற்றில் வடகரையின் மேல்நீர் ஏரியின் நடுவை நோக்கி விலகுகிறது; அந்த இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்நீர் எழும்புகிறது. ஜூலை நடுவில் கரையில் குளிக்கப் போன பிள்ளைகள் நடுங்கிக்கொண்டு ஓடி வருவார்களே, அந்த நாட்கள்தான். கிழக்குக் காற்றில் எல்லாம் எதிர்மாறு. அதனால் வெள்ளிக்கிழமை இரவு ஸ்பூன் பெட்டியை அடுக்குவதை விட்டுவிட்டு, முந்தைய மூன்று நாள் காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று பாருங்கள்.

மீன் காட்டும் திரை உங்களிடம் இருக்கும் என்று நினைக்கிறேன். அதன் உணர்திறனைக் கூட்டினால் புகை படிந்ததுபோல் ஒரு கிடைப்பட்டை தெரியும். அதுதான் அந்தப் படை. ஒரு குண்டை அதற்குச் சற்று மேலே, மற்றதைச் சற்றுக் கீழே வையுங்கள். கம்பி சாயும்போது குண்டு மேலே எழும்பும் என்பதையும் கணக்கில் எடுங்கள். டவுன்ரிகரின் அளவுமானி 60 அடி என்று காட்டினால் உண்மையில் அதைவிடக் குறைவு. 10 இறாத்தல் குண்டுக்குப் பதில் 12 போட்டால் சாய்வு குறையும்.

இயந்திரத்தை நிறுத்தியது பெரிய பிழை. மீன் மாட்டினால் படகு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தியதும் நூல் தொய்கிறது, மற்றத் தூண்டில்கள் எல்லாம் அடிக்கு இறங்கி ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. வேகத்தைக் கொஞ்சம் குறையுங்கள், அவ்வளவுதான். ஒருவர் சுக்கானை விடக்கூடாது. சினூக் முதல் ஓட்டத்தில் 100 மீற்றர் இழுத்துக்கொண்டு போகும்; போகட்டும். ரீலின் டிராக்கை (நூல் ஓடுவதைத் தடுக்கும் பிடி) இறுக்கி அதை நிறுத்த நினைத்தவர்கள் எல்லாரும் மீனின் நீளத்தைக் கையால் காட்டிக்கொண்டுதான் திரும்பியிருக்கிறார்கள்.

ஏழரை மணி என்பது நாங்கள் இரண்டாவது தேநீர் குடிக்கும் நேரம். இருட்டோடு இறக்குங்கள். உங்கள் ஒளிரும் வெள்ளை ஸ்பூனுக்கு வேலை வருவதும் அப்போதுதான். நிறத்தைப் பற்றி நான் சொல்லக்கூடியது இவ்வளவே.

உங்கள் அப்பாவிடம் இதையும் சொல்லுங்கள். மயிலிட்டியில் என் தகப்பனார் கரைக்குத் திரும்பும்போது வள்ளத்தின் பின்னால் ஒரு தங்கூசியில் கோழி இறகைக் கட்டி இழுத்துக்கொண்டு வருவார். அறக்குளா மாட்டும். அதுவும் ட்ரோலிங்தான். பெயர்தான் எங்களுக்குத் தெரியாது.

வெள்ளிச்செதில்

கரைவலை அண்ணை சொல்லாமல் விட்ட ஒன்று. உங்கள் முதல் மீன் தப்பியதற்குப் பின்னல் நூல் காரணமாக இருக்கலாம். டவுன்ரிகரின் கவ்வியில் பின்னல் நூல் வழுக்கும். மீன் தட்டும்போது தூண்டில் முள் குத்தி ஏறுவதற்கு ஓர் எதிர்ப்பு வேண்டும். நூல் வழுக்கிக்கொண்டு போனால் அந்த எதிர்ப்பு கிடைக்காது. டவுன்ரிகர் தடிகளில் 20 இறாத்தல் தங்கூசியை, அதாவது ஒற்றை இழை நைலான் நூலைச் சுற்றுங்கள். அது கவ்வியில் நிற்கும், கொஞ்சம் நீளும், மீனின் உதறலையும் தாங்கும். தடியை நன்றாக வளைத்து வைத்துக் கவ்வியில் மாட்டுங்கள். மீன் தட்டியதும் தடி நிமிர்ந்து தொய்வைத் தானே எடுத்துக்கொள்ளும்.

வாங்கிய பின்னல் நூலை எறிய வேண்டாம். மற்ற இரண்டு தடிகளில் டிப்சி டைவர் கட்டுங்கள். இது ஈயம் பொதிந்த வட்டத் தட்டு. தண்ணீர் தள்ளும் வேகத்தில் கீழேயும் பக்கவாட்டிலும் போகும். மெல்லிய, நீளாத நூல்தான் அதற்குப் பொருத்தம். அடித்தட்டை 3ஆம் எண்ணில் வைத்தால் படகை விட்டு நன்றாக விலகிப் போகும். டவுன்ரிகர் நூலோடு சிக்காது. விட்ட நூலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆழம் என்று கணக்கு வையுங்கள். நூல் அளவு காட்டும் ரீல் இல்லையென்றால் இதெல்லாம் குருட்டுக் கணக்கு.

ஒன்ராறியோ ஏரியில் படகிலிருந்து ஆளுக்கு இரண்டு தூண்டில் போடலாம். உங்கள் அளவுப் படகுக்கு மொத்தம் நான்கே அதிகம். தொடக்கத்தில் இரண்டு போதும்.

வடக்குக் காற்று அடிக்கிற நாளில் கரையிலிருந்து பார்த்தால் ஏரி கண்ணாடிபோல் இருக்கும். செங்குத்தான கரைமேடு காற்றை மறைக்கிறது. இரண்டு மைல் வெளியே போனதும் வேறு ஏரி. உயிர்காப்பு அங்கி இருக்கைக்கு அடியில் கிடந்தால் போதாது, போட்டுக்கொள்ளுங்கள்.

சிம்கோக்காரன்

டவுன்ரிகர் எதுவுமில்லாமல் சிம்கோ ஏரியில் லேக் ட்ரவுட் மீன் இழுப்பவன் நான். என் ஆயுதம் ஈயம் பொதிந்த நூல். பத்து யார் (30 அடி) நீளத்துக்கு ஒரு நிறம் மாறும். ஒரு நிறம் விட்டால் சுமார் 5 அடி இறங்கும், வேகம் கூடினால் குறையும். எண்ணத் தெரிந்தால் போதும்.

நான் ஒருபோதும் நேர்கோட்டில் ஓட்டுவதில்லை. பாம்பு போவதுபோல் வளைந்து வளைந்து போவேன். வளைவின் வெளிப்பக்கத் தூண்டில் வேகமெடுத்து உயரும், உட்பக்கத் தூண்டில் தளர்ந்து தாழும். எந்தப் பக்கத்தில் மீன் தட்டுகிறது என்று பார்த்தால், வேகம் கூட வேண்டுமா குறைய வேண்டுமா என்று மீனே சொல்லிவிடும். ஒரு மணி நேரம் நேராக ஓடினீர்கள் என்று படித்ததும் எனக்குக் கொட்டாவி வந்தது.

நிறம் முக்கியமில்லை என்று அண்ணை சொல்வதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மேகமூட்டமான நாளில் என் செம்பு நிற ஸ்பூன் பிடித்த அளவுக்கு வேறெதுவும் பிடித்ததில்லை.

கரைவலை

செம்பு நிறத்தையே எப்போதும் போட்டால் எல்லா மீனும் செம்பு நிறத்தில்தான் மாட்டும்.

புதுவள்ளம்

நன்றி சொல்லவும் கணக்கு ஒப்புவிக்கவும் வந்தேன்.

வெள்ளி வரை மூன்று நாள் மெல்லிய கிழக்குக் காற்று. அதனால் படை கீழே இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனோம். நாலே முக்காலுக்குப் படகை இறக்கினோம். அப்பாவும் வந்தார். "சும்மா பார்க்கத்தான்" என்றார்.

திரையில் உணர்திறனைக் கூட்டியதும் 65 அடிக்குப் பக்கத்தில் புகைப்பட்டை தெரிந்தது. இத்தனை நாளும் அதைப் பழுது என்று நினைத்து நான்தான் உணர்திறனைக் குறைத்து வைத்திருந்தேன். குண்டுகளை 55இலும் 70இலும் வைத்தோம். இறக்குவதற்கு முன் ஸ்பூனைப் படகின் பக்கத்திலேயே இழுத்துப் பார்க்கச் சொன்னார் அப்பா. 2 மைலுக்குக் கீழே அது சும்மா அசைந்தது; 2.3இல் உயிர் வந்து துள்ளியது. இது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

கோபுரப் பக்கம் 2.3 மைலில் சோக்கட்டிக் கோட்டுக்கு வந்த கம்பி, பிக்கரிங் பக்கம் 2.9 வைத்த பிறகுதான் அதே கோட்டுக்கு வந்தது. மச்சானால் நம்ப முடியவில்லை. ஐந்தே முக்காலுக்கு, பிக்கரிங்கை நோக்கிப் போகும்போதே, 55 அடித் தடி நிமிர்ந்தது. மச்சானின் கை தானாக இயந்திரத்துக்குப் போனது. அப்பா அவன் கையில் ஓர் அடி போட்டார்.

இருபது நிமிடம். இரண்டு முறை படகுக்குப் பக்கத்தில் வந்து அத்தாங்கு வலையைக் கண்டதும் மறுபடி ஓடியது. 17 இறாத்தல், வெள்ளிபோல் மின்னிக்கொண்டு. ஒளிரும் வெள்ளை ஸ்பூன்தான். 38இல் 36 பெட்டியிலேயே இருந்தன. பிறகு 70 அடியில் இன்னொன்று மாட்டி, படகருகில் நூல் அறுந்து ஸ்பூனோடு போய்விட்டது. ஆக இப்போது 37.

வயிற்றுக்கொழுப்பையும் தோலையும் நீக்கிவிட்டு அம்மா குழம்பு வைத்தார். கொழுப்பில் பல மாசுகள் சேரும் என்பதால் அப்படி; பிறகு மாகாண அரசின் மீன் உண்ணும் வழிகாட்டியில் இந்த அளவு மீனை மாதத்துக்கு எத்தனை முறை சாப்பிடலாம் என்று பார்த்துவிட்டுத்தான் பங்கிட்டோம்.

அந்த இரண்டாவது மீன் ஏன் அறுத்தது? முடிச்சு சரியாகத்தான் இருந்தது.

கரைவலை

அறுந்த இடம் முடிச்சா, அதற்கு மேலா? மேலே என்றால், கடைசி ஆறடித் தங்கூசி எங்காவது உரசிச் சொரசொரப்பாகியிருக்கும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் அந்த ஆறடியை விரல் நகத்துக்கு இடையில் இழுத்துப் பாருங்கள். நகத்தில் தட்டினால் வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள். தூண்டில் முள்ளின் கூர்மையையும் பாருங்கள்.

அடுத்த சனி அப்பாவிடம் சுக்கானைக் கொடுங்கள்.