ஆற்று மணல் எத்தனை அடி ஆழத்தில் கல்லாகும்?

படுகைவாசி:
அன்பில் பக்கம் கொள்ளிடப் படுகையில் எங்களுக்குக் கொஞ்சம் வாழை இருக்கு. போன கோடையில் உறைகிணறு இறக்கினோம். மேலே 3 அடி வண்டல், அப்புறம் மணல், 20 அடிக்கிட்ட ஒரு கருங்களி, அதுக்கும் கீழே பெருமணலும் கூழாங்கல்லும். பாறையே வரல. ஆனா வடக்கே அரியலூர் பக்கம் போனா மேலாகவே சுண்ணாம்புக்கல், அதுல கிளிஞ்சல் வேற. "இன்னும் நூறு அடி போ, மணல் இறுகிக் கல்லாகியிருக்கும்"னு சித்தப்பா அடிச்சுச் சொல்றார். சரியா? இன்னொண்ணு: இங்க நறநறன்னு மணலா இருக்கிற அதே ஆறு, பழையாறு ஊர்கிட்ட கடல்ல சேர்ற முகத்துவாரத்துல ஏன் சேறா இருக்கு?

சிமென்ட் லாரி:
ஆழம் கூடினா பாரம், பாரம் கூடினா கல். பள்ளிக்கூடத்துல படிச்சதுதானே. சித்தப்பா பக்கம்தான் நான்.

பழைய ரிக்:
பாரம் மட்டும் போதாதுங்க. சர்வீஸ் முழுக்க போர் போடுற ரிக் வண்டியோட டெல்டாவைச் சுத்தினவன் நான். 300 அடியிலிருந்து உதிரி மணல் ஏறி வந்ததையும் பாத்திருக்கேன், வல்லம் பக்கம் 30 அடியிலேயே மணற்கல் துளைபோடுற பிட்டை மழுங்கடிச்சதையும் பாத்திருக்கேன்.

முதல்ல ஒரு கை மணலை வெயில்ல லென்ஸ் வச்சுப் பாருங்க. பளிச்சுனு தெரியறது வெங்கச்சாங்கல் துணுக்கு, அதாவது குவார்ட்ஸ். மங்கலா வெளிர்சிவப்பா இருந்தா பெல்ஸ்பார். மினுங்குற தகடு காக்காப்பொன். எல்லாம் மேலே இருக்கிற கருங்கல் மலைகள் சிதைஞ்சு வந்தவை. மழைத்தண்ணி பெல்ஸ்பாரை மெல்ல மெல்ல அரிச்சுக் களிமண்ணாக்கிடும். குவார்ட்ஸ் மட்டும் அசையாது. ஆக ஒரே கல்லிலிருந்து மணலும் வருது, களியும் வருது.

வெள்ளம் இதை முறத்துல புடைக்கிற மாதிரி பிரிச்சிடும். கூழாங்கல் அடியில உருளும், மணல் தத்தித் தத்திப் போகும், களி தண்ணியோட கலந்தே போகும். வேகம் குறையற இடத்துல கனமானது முதல்ல இறங்கும். களித்துகள் 0.004 மில்லிமீட்டருக்கும் சின்னது. தண்ணி நின்னாத்தான் படியும். உங்க கருங்களி, ஆறு தடம் மாறினப்போ விட்டுப்போன மடுவா இருந்திருக்கலாம். பழையாறுல கடல்தண்ணியும் சேருது. உப்பு பட்டதும் களித்துகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டித் திரண்டு கீழ இறங்கிடும். அதான் அந்தச் சேறு.

இப்ப கல்லுக்கு வரேன். புதுசா படிஞ்ச மணல்ல ஏறக்குறைய 40 சதவீதம் வெறும் இடைவெளி. பாரம் ஏறினா அது குறையும், ஆனா மணியும் மணியும் அதனால மட்டும் ஒட்டிக்காது. களி வேற, அது அமுங்கியே கெட்டிப்படும். மணலுக்குப் பசை வேணும். சுண்ணாம்பு, சிலிக்கா, இரும்பு, இதுல ஏதோ ஒண்ணு நிலத்தடித் தண்ணியில கரைஞ்சு வந்து இடைவெளியில படிஞ்சு கட்டணும். மேட்டு நிலத்துல சுக்கான்கல் பொறுக்கியிருப்பீங்களே, அது பாரமே இல்லாம மேல்மண்ணுலயே சுண்ணாம்பு கட்டினதுதான். பண்ருட்டி முந்திரிக்காட்டுக்கு அடியில கடலூர் மணற்கல்; நெய்வேலியில பழுப்பு நிலக்கரிக்கு மேல இருந்து வெட்டி ஒதுக்குறதும் அதே படிவம்தான். அங்க பசை இரும்பு, அதான் சிவப்பு. அதுலயும் பல இடத்துல, கோடி வருஷம் தாண்டியும், விரலால சுரண்டினா உதிருது.

சித்தப்பாவுக்கு ஒண்ணு சொல்லுங்க. நூறு அடியில கல் வந்தாலும் அது உங்க மணல் இறுகினது இல்ல. ஏற்கெனவே கிடந்த பழைய பாறை மேல ஆறு வந்து கொட்டிட்டுப் போயிருக்கும். கொள்ளிடத்து மணலுக்கு வயசு அதுக்கெல்லாம் காணாது. அரியலூர்க் கல்லோ கடல் சரக்கு, 6.5 கோடி வருஷத்துக்கும் முந்தினது. சிப்பியே சுண்ணாம்புங்கிறதால பசைக்குப் பஞ்சமே இல்ல.

படுகைவாசி:
சித்தப்பா படிச்சிட்டு "பாக்கலாம்"னார்! சரி, ஆத்துல அள்ளின மணல் அடுத்த வெள்ளத்துல வந்துடும்னு சொல்றாங்களே?

பழைய ரிக்:
அள்ளுறவங்க சொல்றது அது. 1934-ல மேட்டூர் அணை வந்துச்சு. அதுக்கு மேல இருந்து வர்ற பெருமணல், நீர்த்தேக்கத்தோட தலைமாட்டுலயே இறங்கிடுது. கீழ வர்றது பெரும்பாலும் தெளிஞ்ச தண்ணி. வெள்ளத்துல குழி மூடினா மேலயும் கரையிலயும் இருந்த மணல் இடம் மாறியிருக்குன்னு அர்த்தம், புதுசா வந்துடலை. நீங்க அள்ளுறதுல பெரும்பங்கு அணைக்கு முந்தின இருப்பு.

கல்மரம்:
பசை விஷயத்தைக் கண்ணால பாக்கணும்னா விழுப்புரம் மாவட்டம் திருவக்கரைக்குப் போங்க. கடலூர் மணற்கல்லுக்குள்ள சிலிக்கா ஏறிக் கல்லான மரங்கள், வயசு சுமார் 2 கோடி வருஷம். எல்லாம் படுத்துக் கிடக்கு. கிளை இல்ல, வேர் இல்ல. வெள்ளம் அடிச்சுட்டு வந்து மணலோட புதைச்சதுக்கு அதான் சாட்சி. 1781-லயே சொன்னேராங்கிற பிரெஞ்சுக்காரர் இதைப் பத்தி எழுதியிருக்கார். துண்டு எதையும் பையில போட்டுக்காதீங்க, பாதுகாக்கப்பட்ட இடம். பௌர்ணமியன்னிக்கு மட்டும் வேணாம், வக்கிரகாளியம்மன் கோயில் கூட்டத்துல வண்டி நிறுத்தவே இடம் கிடைக்காது.