மறு: ‘எய்ட்ஸ் மறதி’க்கு மாற்றுச் சொல்

வணக்கம் ஐயா,

> ‘எய்ட்ஸ் மறதி’, ‘நரம்பறிவுத் தளர்ச்சி’ இரண்டில் ஒன்றை முடிவு செய்துவிடலாம்.

எச்.ஐ.வி. உள்ள சிலருக்குக் கவனமும் சிந்தனை வேகமும் குறைகிறதே, ஆங்கிலத்தில் HIV-associated neurocognitive disorder, அதற்கு இந்த இரண்டு பெயருமே வேண்டாம் என்பேன்.

‘நரம்புத் தளர்ச்சி’ மதுரையில் சுவர் விளம்பரச் சொல். மாதம் ஒரு நாள் லாட்ஜில் ரூம் போடும் வைத்தியர்கள் அதை வைத்து எதைச் சொல்கிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். அதுவும் எச்.ஐ.வி. பற்றிய துண்டறிக்கையில் அந்த வாடை அடித்தால், பெரியாஸ்பத்திரியில் எச்.ஐ.வி. மருந்து தரும் ஏ.ஆர்.டி. சென்டர் வரிசையில் நிற்பவர் யாரும் அதைக் கையில் வாங்க மாட்டார். தவிர, கிருமி நரம்பணுவுக்குள் நேராகப் புகுவதும் இல்லை. வெள்ளணுக்களுக்குள் ஒளிந்து மூளைக்குப் போய், அங்குள்ள காவல் அணுக்களில் குடியேறுகிறது. அவை கசியவிடும் நச்சும் ஓயாத அழற்சியும்தான் நரம்பணுவைக் கெடுக்கின்றன.

அடுத்து ‘மறதி’. 1986-ல் எய்ட்ஸ் டிமென்ஷியா (நினைவும் அறிவும் குலைந்து அன்றாட வேலையே முடியாமல் போகும் நிலை) என்று பெயர் வைத்தபோது நோய் முற்றியவர்களைத்தான் மருத்துவர்கள் பார்த்தார்கள். கூட்டு மருந்து வந்தபின் அந்தக் கடுமையான நிலை அரிதாகிவிட்டது. லேசானது மட்டும் போகவில்லை. 2007-ல் மூன்று படிகளாகப் பிரித்தார்கள்: சோதனையில் மட்டும் தெரிவது, அன்றாட வேலையை லேசாகத் தொடுவது, டிமென்ஷியா. முதல் இரண்டு படிக்காரர்களிடம் போய் மறதி என்றால் சண்டைக்கு வருவார்கள். நியாயம்தான்.

எங்கள் குழுவுக்கு வரும் ஒரு அக்கா பூக் கட்டுபவர். பத்து வருடமாக ஒருவேளை மாத்திரையும் தவறவிட்டதில்லை. “மறக்கலப்பா. யாருக்கு எத்தனை முழம், யாரு பாக்கி, எல்லாம் ஞாபகம் இருக்கு. முன்ன பேசிக்கிட்டே கட்டுவேன். இப்ப யாராச்சும் பேச்சுக் குடுத்தா கை நின்னுபோகுது” என்றார். அவருக்கு இருப்பது இதுதானா என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மனச்சோர்வு, தைராய்டு கோளாறு, வைட்டமின் பி12 குறைவிலும் இப்படி ஆகும். ஆனால் நமக்கு வேண்டிய சொல் அவர் பேச்சில் இருக்கிறது. அறிவு போகவில்லை, வேகம் குறைகிறது. இரண்டு வேலையை ஒருசேரப் பிடிக்க முடியவில்லை.

அதனால் ‘அறிதிறன் தொய்வு’ என்று வைக்கலாமா? ‘பாலம் கட்டும் பணியில் தொய்வு’ என்று செய்தித்தாளில் தினமும் படிக்கிறோம். மாசி வீதியில் தேர்வடம் தொய்ந்தால் மறுபடி இழுத்துப் பிடிக்கிறார்கள். தேய்வு, சிதைவு என்றால் திரும்ப வழியில்லை என்றாகிவிடும். மந்தம் என்றால் வசவு.

மூன்று படிக்கும் உணராத் தொய்வு, இளந்தொய்வு, முற்றிய தொய்வு என்று எழுதிப் பார்த்தேன். முதலாவதில் எனக்கே திருப்தி இல்லை. அன்றாட வாழ்க்கையில் ஒரு குறையும் இல்லாதவருக்கு, பள்ளிக்கூடம் அதிகம் போகாததால் சோதனையில் மதிப்பெண் குறைந்தாலும் குறையும். அதற்கு ஒரு நோய்ப்பெயர் தேவையா? துண்டறிக்கையில் அதை விட்டுவிடலாம்.

அக்காவிடம் சொல்லிப் பார்த்தேன். ‘தொய்வு’ சட்டென்று புரிந்தது. “அறிதிறன்னா என்னப்பா?” என்றார். சரி, துண்டறிக்கையில் ‘சிந்தனைத் தொய்வு’, அகராதியில் ‘அறிதிறன் தொய்வு’. ஒரு பொருளுக்கு இரண்டு சொல்லா என்று நீங்கள் கேட்பீர்கள். கேளுங்கள், வெள்ளிக்கிழமைதான் அச்சுக்குப் போகிறது.