ஊரில் பூட்டிக் கிடக்கும் வீட்டுச் சாமான்: மொத்த விலைக்குத் தள்ளிவிடலாமா?

அரசலாற்றங்கரை (ஜெர்மனி):
வணக்கம். எங்கள் வீடு கும்பகோணத்திலிருந்து நாச்சியார்கோவில் போகிற வழியில் ஒரு கிராமத்தில் இருக்கு. அப்பா முன்பே போயிட்டார். அம்மா போன ஐப்பசியில் காலமாயிட்டாங்க. நான் 14 வருஷமா ஜெர்மனியில், தங்கை மன்னார்குடியில். சாவி பக்கத்து வீட்டில் இருக்கு. இப்போது ஒரு வாத்தியார் குடும்பம் வாடகைக்குக் கேட்கிறாங்க, ஆவணிக்குள் காலி பண்ணிக் கொடுக்கணும்.

உள்ளே கூடத்து ஊஞ்சல், ரெண்டு மர பீரோ, நெல் கொட்டுகிற பத்தாயம், பரண் முழுக்க அண்டா, தவலை, உருளி, அடுக்கு, ஆள் உயரத்தில் ஒரு குத்துவிளக்கு. கொள்ளுப்பாட்டி காலத்துக் கிருஷ்ணர் படம் ஒன்று, துணியில் சுற்றிய ஓலைச்சுவடிக் கட்டு ஒன்று. இலவம்பஞ்சு மெத்தைகள், பழைய இலவச கலர் டிவி. அம்மா படுக்கையில் இருந்த எட்டு மாதத்தில் வாங்கிய சக்கர நாற்காலி, காற்று மெத்தை, மருந்துப் பைகள். பிறகு அம்மாவின் புடவைகள்.

ஒரு வியாபாரி வீடியோ காலில் எல்லா அறையையும் பார்த்துவிட்டு மொத்தமாக ஒரு விலை சொன்னார். "நீங்க வரவே வேணாம் சார், சாவியைக் கொடுக்கச் சொல்லுங்க, ரெண்டே நாள்ல துடைச்சுக் கொடுத்துடறேன்" என்கிறார். இங்கே பழைய சோபாவைத் தள்ள நகராட்சியில் சொல்லி வைத்தால் ஒரு தேதி கொடுப்பாங்க, வாசலில் வைத்தால் எடுத்துப் போயிடுவாங்க. அந்த மாதிரி முடிந்துவிடும் என்று மனசு சொல்லுது. தங்கை, தான் பார்க்காமல் எதையும் தொடக்கூடாது என்கிறாள். என்ன செய்யலாம்?

பாபநாசத்தான் (ஷார்ஜா):
கொடுத்துடுங்க தம்பி. யோசிக்காதீங்க. நான் அனுபவிச்சவன். அப்பா போனதும் "இருக்கட்டும், அடுத்த லீவுல பார்த்துக்கலாம்"னு ஆறு வருஷம் பூட்டி வச்சேன். ஒவ்வொரு லீவுலயும் அஞ்சு நாள் கூட்டிப் பெருக்கியே போச்சு. ஒரு ஐப்பசி மழைக்கு ஓடு நகர்ந்து, தண்ணி இறங்கி, பீரோவின் முதுகுப் பலகை முழுக்கக் கரையான். பத்தாயத்துக்குள்ள எலி. முதல்ல கேட்டவன் கொடுக்க வந்த விலையில பாதிகூடக் கடைசியில வரல. அதைவிட வலிச்சது வேற. என் பிள்ளைகளுக்கு அந்த வீடுன்னா தூசி, இருமல், அப்பாவோட கோபம், அவ்வளவுதான் ஞாபகம். அவர் உபயோகிச்ச கைத்தடியை மட்டும் கொண்டு வந்தேன். அது போதும் எனக்கு. மழைக்கு முன்னாடி முடிங்க.

வலங்கைமான் அக்கா:
ஷார்ஜா அண்ணன் சொல்றது வெளிநாட்டிலிருந்து பார்க்கிற பார்வை. நான் உள்ளூர்ல இருக்கேன். எங்க தெருவுல நாலு வீட்டுச் சாவி என்கிட்டதான் தொங்குது. "சாவியைக் கொடுங்க"ன்னு நீங்க ஒரு வரி அனுப்புறீங்க, அதுக்கப்புறம் நடக்கிறதை நாங்கதான் பார்க்கணும்.

எதிர்வீட்டுச் சாமானை இப்படித்தான் மொத்த விலைக்குப் பேசினாங்க, போன வருஷம். வந்தவன் முதல் நாளே செம்பு, பித்தளை, தேக்குக் கதவு எல்லாத்தையும் ஏத்திட்டான். ரெண்டாவது நாள் வரவே இல்லை. மூத்திர வாடை அடிக்கிற மெத்தை, உடைஞ்ச பிளாஸ்டிக் நாற்காலி, டிவி, ஊசி கிடக்கிற மருந்துப் பை எல்லாம் திண்ணையில. போன் பண்ணினா ஒரு கூலியாளை அனுப்பினான். அந்த ஆள் ராத்திரியோட ராத்திரியா மொத்தத்தையும் பாசன வாய்க்கால்ல கொட்டிட்டுப் போயிட்டார். ஜூன் 12 வழக்கமா மேட்டூர் அணை திறக்கிற நாள்னு டெல்டாவுல எல்லாருக்கும் தெரியும். தண்ணி வந்தப்போ மெத்தை ரெண்டும் மதகுல போய் அடைச்சு, கடைமடைக்காரங்க மூணு நாள் நாத்தங்காலுக்குத் தண்ணி இல்லாம வந்து சண்டை போட்டாங்க. யார்கிட்ட? சாவி வச்சிருந்த என்கிட்ட.

மொத்த விலைன்னா அவன் காசாகிறதை எடுத்துக்கிற விலை. காசாகாததுதான் குப்பை, அது ஊர்லயே நிக்கும். பேசறதுக்கு முன்னாடி இதைப் புரிஞ்சுக்குங்க.

பாபநாசத்தான்:
அக்கா, உங்க கஷ்டம் நியாயம். ஆனா அது அந்த ஆளோட தப்பு. குப்பையையும் எடுத்தாத்தான் பாக்கிப் பணம்னு பாதியைப் பிடிச்சு வச்சிருந்தா ஓடியிருக்க மாட்டான்.

வலங்கைமான் அக்கா:
பிடிச்சு வச்சாலும், எடுத்ததை எங்கே கொட்டினான்னு யார் போய்ப் பார்க்கிறது அண்ணே? பாதிப் பணத்தைப் பிடிக்கலாம், வாய்க்காலைக் காவல் காக்க முடியுமா?

பாத்திரக்கடை (கும்பகோணம்):
தொழில் ரீதியா ரெண்டு வார்த்தை. மூணு தலைமுறையா பாத்திர வியாபாரம், அதனால சொல்றேன்.

வீடியோவுல பார்த்து விலை சொல்றவர் எல்லாத்தையும் பித்தளைக் கணக்குல போட்டிருப்பார். பித்தளை செம்பும் துத்தநாகமும் கலந்தது. வெண்கலம் செம்பும் வெள்ளீயமும். வெண்கலத்துக்கு விலை கூட. உருளி, பழைய வெண்கலப் பானை ரெண்டையும் தட்டிப் பாருங்க, மணி மாதிரி நீளமா ஒலிக்கும், பித்தளை சீக்கிரம் அடங்கிடும். ஈயச்சொம்பு இருந்தா அதையும் தனியா எடுங்க. நல்ல ஈயச்சொம்பு வெள்ளீயம், ரசம் வைக்க இன்னிக்கும் தேடி வாங்குறாங்க. காரீயம் கலந்ததுன்னு சந்தேகம் வந்தா சமையலுக்கு யாருக்கும் கொடுக்காதீங்க.

செம்பு, பித்தளை, வெண்கலம், எவர்சில்வர்னு பிரிச்சு வச்சு, வீட்டு மனுஷங்க ஒருத்தர் முன்னாடி எலெக்ட்ரானிக் தராசுல நிறுத்து எழுதச் சொல்லுங்க. பிரிச்சு நிறுத்தாலே விலை மாறும்.

இன்னொண்ணு. நாச்சியார்கோவில் பக்கம்னு சொல்றீங்க, அந்த ஆள் உயர விளக்கு அங்கே வார்த்ததா இருக்கலாம். காவிரி வண்டல்ல அச்சு எடுத்து வார்க்கிறது அந்த ஊர் வேலை. அடி, தண்டு, தட்டு, உச்சியில அன்னம்னு மரையில கழட்டி மாட்டுற மாதிரி இருக்கும். காயலான் கடைக்காரர் அதை நாலு துண்டு உலோகமா எடை போடுவார். ஒரு துண்டு தொலைஞ்சாலும் விளக்கு போச்சு. தயவுசெஞ்சு அதை எடைக்குப் போடாதீங்க. கோயிலுக்குக் கொடுங்க, இல்லைன்னா தங்கச்சிக்குக் கொடுங்க.

மன்னார்குடிப் பொண்ணு:
அந்தத் தங்கச்சி நான் இல்லை, ஆனா என் அண்ணனும் கனடாவுல இருக்கார், அதனால கேட்கிறேன். இங்கே எல்லாரும் "நீங்க வித்துடுங்க", "நீங்க கொடுத்துடுங்க"ன்னு அண்ணனைப் பார்த்தே பேசுறீங்க. அம்மா சீதனமா கொண்டு வந்த பாத்திரம் அம்மாவுக்கு முழு உரிமையானது. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்துல 14-ம் பிரிவு அது. உயில் எழுதாம அம்மா போயிட்டா, 15-ம் பிரிவுப்படி மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. கணவர் இருந்தா அவருக்கும். அண்ணன் ஒருத்தர் மட்டும் விலை பேச முடியாது.

எங்க வீட்டுல பேசிட்டாங்க. நான் போய் நின்னப்போ பரண் காலி. அம்மா எனக்குத் தலைப்பிரசவத்துக்குப் பத்தியம் வச்ச வெண்கலப் பானை இப்போ எந்த உலையில உருகிச்சோ தெரியாது. அண்ணன் பாதிப் பணம் அனுப்பினார். இன்னிவரைக்கும் நான் அந்தப் பணத்தை எடுக்கல.

பாபநாசத்தான்:
தங்கச்சி, மனசு வருந்தறது புரியுது. ஆனா மறுபக்கமும் பாருங்க. எங்க வீட்டுலயும் ரெண்டு அக்கா. "விக்காதே"ன்னாங்க. சரி, எடுத்துட்டுப் போங்கன்னேன். "எங்க பிளாட்ல எங்கே வைக்கிறது"ன்னாங்க. விக்கவும் கூடாது, எடுக்கவும் மாட்டேன்னா, கரையானுக்குத்தானே போகும்? ஆறு வருஷம் பூட்டிக் கிடந்ததுக்கு அதுவும் ஒரு காரணம்.

மன்னார்குடிப் பொண்ணு:
அப்போ கேட்கிற விதம் அது இல்லைண்ணே. "எடுத்துட்டுப் போங்க"ன்னு பொதுவா சொன்னா யாருக்கும் எதுவும் தோணாது. பரண்ல இருக்கிறதைக் கீழே இறக்கி, வரிசையா வச்சு, ஒரு நாள் குறிச்சுக் கூப்பிடணும். கையில எடுத்தாத்தான் எது வேணும்னு தெரியும். அந்த நாளுக்குள்ள எடுக்காததை வித்துக்குங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

திருவையாறு வாத்தியார் (ஓய்வு):
தம்பி, மற்றதை அவர்கள் பேசட்டும். அந்தப் படத்தையும் ஓலைச்சுவடியையும் வியாபாரி கண்ணில் இனிமேல் காட்டாதீர்கள். 1972-ஆம் ஆண்டு தொல்பொருள், கலைப்பொருள் சட்டப்படி 100 ஆண்டு கடந்த ஓவியம், சிலை போன்றவை தொல்பொருள். இலக்கிய, வரலாற்று மதிப்புள்ள சுவடிக்கு 75 ஆண்டே போதும். உரிமம் இல்லாதவர் அவற்றை வைத்து வியாபாரம் செய்யக்கூடாது. நீங்கள் ஆசைப்பட்டு ஜெர்மனிக்குப் பெட்டியில் எடுத்துப் போகவும் கூடாது. ஓவியம், சிலை போன்ற சில வகைகளைப் பதிவு செய்தே வீட்டில் வைத்திருக்க வேண்டும். கொள்ளுப்பாட்டி காலம் என்கிறீர்கள், வயதை இந்தியத் தொல்லியல் துறையில் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

சுவடியைத் தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்தில் காட்டுங்கள். மராட்டிய அரசர் சரபோஜி வளர்த்த நூலகம், ஓலையைப் பராமரிக்கத் தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். உள்ளே இருப்பது வைத்தியமா, சோதிடமா, நிலக்கணக்கா என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இந்தக் காவிரிக்கரையில் ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விட்ட ஏடுகள் எத்தனையோ. பாபநாசத்துக்குப் பக்கத்து உத்தமதானபுரத்தில் பிறந்த உ.வே.சா. ஒரு சுவடிக்காக ஊர் ஊராக அலைந்தார். அந்த மண்ணில் இருந்துகொண்டு ஒரு சுவடிக் கட்டை எடைக்குப் போட்டோம் என்றால் எனக்குத் தூக்கம் வராது.

நாகைக்காரன்:
அம்மா புடவைக்கு மட்டும் நான் சொல்றேன். "ஏழைங்களுக்குக் கொடுத்துடுங்க"ன்னு மூட்டை கட்டி எங்கேயும் அனுப்பிடாதீங்க. 2004 சுனாமிக்கு அப்புறம் எங்க ஊருக்கு லாரி லாரியா பழந்துணி வந்துச்சு. நல்ல மனசோடதான் அனுப்பினாங்க. ஆனா யாரும் கேட்காத துணி. மீனவ ஜனங்க எல்லாத்தையும் இழந்தவங்கதான், அதுக்காக அடுத்தவங்க உடுத்திக் கிழிஞ்சதை உடுத்தணுமா? ரோட்டோரம் குவிஞ்சு மழையில நனைஞ்சு கிடந்ததை நான் கண்ணால பார்த்தவன்.

கட்டிக்கிற மாதிரி இருக்கிற புடவையை, அம்மாவைப் பார்த்துக்கிட்ட பெண்மணி இருந்திருப்பாங்களே, அவங்களை உட்கார வச்சு "எது வேணும்னு பாருங்கம்மா"ன்னு கேளுங்க. சக்கர நாற்காலி, காற்று மெத்தையை ஒரு நாள்கூட வீட்டுல வைக்காதீங்க. அது தேவைப்படுற வீடு உங்க தெருவுலயே இருக்கும், வாங்க வழியில்லாம கட்டில்ல கிடந்து முதுகுப் புண்ணோட ஒருத்தர் படுத்திருப்பார். காற்று மெத்தையோட மோட்டார் ஓடுதான்னு மட்டும் பார்த்துக் கொடுங்க.

வலங்கைமான் அக்கா:
ஊசியைத் தடிமனான பிளாஸ்டிக் டப்பாவுல போட்டு மூடி, ஆஸ்பத்திரியில கேட்டுக் கொடுக்கச் சொல்லுங்க. குப்பை பிரிக்கிற அக்காங்க கையில குத்திடுது. டிவியை உடைக்க விடாதீங்க, அந்தக் கண்ணாடியில காரீயம் இருக்கு. முழுசா மின்கழிவு எடுக்கிறவங்ககிட்டதான் போகணும்.

பாபநாசத்தான்:
எல்லாரும் நல்லதுதான் சொல்றீங்க. ஆனா கணக்குப் பாருங்க. பாத்திரத்தைப் பிரிக்க ஒரு நாள், தஞ்சாவூருக்கு ஒரு நாள், தொல்லியல் துறைக்கு ஒரு நாள், டிவிக்கு ஒரு நாள். ஜெர்மனியிலிருந்து டிக்கெட், சம்பளம் இல்லாத லீவு. மொத்தச் சாமானோட விலையும் அந்த டிக்கெட்டுக்குக் காணாது. வெளிநாட்டுல இருக்கிறவனுக்குக் காசைவிட நாள்தான் கஷ்டம்.

வலங்கைமான் அக்கா:
ஐப்பசியில அம்மாவுக்கு வருஷத் திதி. அதுக்கு எப்படியும் வரணுமில்ல? வாத்தியார் குடும்பத்துக்கு ரெண்டு அறையையும் சமையல்கட்டையும் இப்போ கொடுங்க. மிச்சத்தை உள் அறையில அடுக்கிப் பூட்டுங்க. மூணு மாசத்துல எந்தக் கரையானும் பீரோவைத் தின்னுடாது. வீட்டுல மனுஷங்க புழங்கினா கரையான் வர்றதும் தெரிஞ்சுடும்.

அரசலாற்றங்கரை:
எல்லாருக்கும் நன்றி. வியாபாரியிடம் இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பணம் கொஞ்சம் கூட்டிக் கேட்டார், பதில் சொல்லவில்லை.

நேற்று ஞாயிறு, தங்கை போய்ப் பரணை இறக்கினாள். நான் வீடியோவில் கூடவே இருந்தேன். நாலு மணி நேரம். எந்தப் பாத்திரத்தைத் தூக்கினாலும் அடியில் அல்லது விளிம்பில் பேர் வெட்டியிருக்கு. அம்மா பேர், பாட்டி பேர், கல்யாணத் தேதி. ஒரு பெரிய அண்டாவைத் திருப்பினாள். எங்கள் வீட்டு ஆள் யார் பேரும் இல்லை. ரெண்டு பேருக்கும் புரியவில்லை. சாவி வைத்திருக்கும் பக்கத்து வீட்டுப் பெரியம்மா கிட்ட வந்து தடவிப் பார்த்துவிட்டு, "இது எங்க மாமியார் பேருடி, உன் காதுகுத்துக்கு எடுத்துட்டுப் போனது" என்றார்கள். முப்பது வருஷமா எங்கள் பரணில் இருந்திருக்கு. வியாபாரி விலை சொன்ன மொத்தத்தில் அதுவும் சேர்ந்தே இருந்தது.

அண்டா நேற்றே அவர்கள் வீட்டுக்குப் போயிடுச்சு. விளக்கு தங்கைக்கு. பத்தாயம்தான் இன்னும் தெரியவில்லை. யாருக்கும் வேண்டாம், வாசல் வழியா வெளியே வராது.

பாபநாசத்தான்:
வராது தம்பி. கூடத்துல வச்சே பலகையைப் பொருத்திச் செஞ்சதா இருக்கும். ஆப்பைத் தட்டி எடுத்தா பலகை பலகையா கழண்டு வரும், ரம்பம் வைக்க விடாதீங்க. என்னோடதை அறுத்துட்டாங்க.