கங்கோங் கீரைத் தொட்டி: தண்ணி விட்டதும் மீன் போடலாமா?

சிராங்கூன் கார்டன்காரி:
வீட்டுப் பின்பக்கம் மீனுக்கு 200 லிட்டர் தொட்டி, மேலே கங்கோங் வளர்க்கக் களிமண் உருண்டை நிரப்பின படுக்கை; மீன் தண்ணிதான் கீரைக்கு உரம். குழாய்த் தண்ணியை ரெண்டு நாள் வெயில்ல வச்சுட்டுத் திலாப்பியா விடலாமா? அம்மா அவசரப்படுத்துறாங்க.

தொட்டிக்காரன்:
வேணாம்க்கா. நம்ம சிங்கப்பூர்த் தண்ணியில கிருமி கொல்லப் போடறது குளோராமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது), வெயிலுக்கெல்லாம் லேசுல போகாது. மீன் கடையில குளோரின் நீக்கற மருந்து வாங்கி ஊத்துங்க. அப்புறம் மீன் இல்லாமலே தொட்டியில தினம் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு அழுக விடுங்க (நாத்தம் வரும், அம்மா திட்டுவாங்க). அதுல வர்ற அம்மோனியாவைப் பாக்டீரியா முதல்ல நைட்ரைட்டா, பிறகு நைட்ரேட்டா மாத்தும். கீரைக்கு அதுதான் சாப்பாடு. அம்மோனியா, நைட்ரைட் ரெண்டும் ஏறி, திரும்பச் சுழியத்துக்கு இறங்கினதும் மீனை விடுங்க. சில வாரம் பிடிக்கும்.

மாடிவீட்டு மாமி:
படுக்கையில தண்ணி உருண்டைக்கு ஒரு இஞ்ச் கீழேயே நிக்கட்டும்மா. மேல தேங்கினா பாசியும் கொசுவும்தான்.

சிராங்கூன் கார்டன்காரி:
நன்றி. அதுவரைக்கும் அம்மா தேக்கா மார்க்கெட்லயே கங்கோங் வாங்கிக்கறாங்களாம்.